ரெஸ்ட் என்னும் இணையநெறி

கணிப்பொறி பயிலும் மாணாக்கர் நாவில் இந்நாளிற் பெரிதும் பயின்று வரும் சொற்களுள் ‘ரெஸ்ட்’ என்பதும் ஒன்று. வேலைக்கு ஆள் தேர்வோர் வினவும் வினாக்களிலும் அது பெரும்பாலும் இடம்பெறுகின்றது. ஆயின் அச்சொல்லின் பொருள் யாதென்று கேட்பின், முகவரியை ஒழுங்காக அமைப்பதே ரெஸ்ட் என்பார் சிலர். ஜேசான் வடிவிற் செய்தியனுப்புவதே என்பார் வேறு சிலர். கெட், போஸ்ட், புட், டெலீட் என்னும் நான்கு சொற்களை ஆள்வதே என்பாரும் உளர். இவை முற்றும் பிழையென்று தள்ளத்தக்கன அல்ல. ஆனால் கதவையும் சாளரத்தையும் சுட்டிக் காட்டி, ‘வீடென்பது இதுதான்’ என்றாற் போல்வன. அந்நெறியின் உள்ளீடு யாது, அதனைக் கைக்கொள்வார் எதனைக் கொடுத்து எதனைப் பெறுகின்றனர், கைவிட்டார்க்கு நேரும் இடர் யாது என்பவற்றை யாம் அறிந்த அளவில் ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

ரெஸ்ட் என்பது ‘ரெப்ரசென்டேஷனல் ஸ்டேட் டிரான்ஸ்பர்’ என்னும் ஆங்கிலத் தொடரின் குறுக்கம். ‘வடிவின் வழியாக நிலையைப் பெயர்த்தல்’ என்று அதனைத் தமிழிற் கூறலாம். ஒரு பொருளின் அப்போதைய நிலையை, அதன் வடிவம் ஒன்றில் எழுதி, ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குச் சேர்ப்பித்தல் என்பது கருத்து. இப்பெயரை இட்டவர் ராய் தாமஸ் ஃபீல்டிங் என்னும் அமெரிக்க அறிஞர். இர்வைன் நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 2000ஆம் ஆண்டில் டாக்டர் பட்டத்திற்காக அவர் அளித்த ஆராய்ச்சியுரையின் ஐந்தாம் அத்தியாயத்தில் இந்நெறி விரித்துரைக்கப் பெற்றுள்ளது. அவர் ஏட்டளவில் நின்றவரல்லர். இணையத்தின் பொதுமொழியாகிய எச்.டி.டி.பி.யின் விதிகளை வரைந்தோருள் ஒருவர். அப்பாச்சி என்னும் பெயர்பெற்ற வழங்கி மென்பொருளைத் தோற்றுவித்தோருள்ளும் ஒருவர்.

இவ்வாராய்ச்சி எழுந்த காரணத்தையும் அறிதல் நலம். டிம் பெர்னர்ஸ்-லீ என்பார் 1989ஆம் ஆண்டில் ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் வையவிரிவு வலையைப் பற்றிய தம் கருத்தை எழுதி வைத்தார். 1990ஆம் ஆண்டு முடிவதற்குள் முதல் வழங்கியும் இயங்கத் தொடங்கிற்று. 1991ஆம் ஆண்டில் வழங்கிய எச்.டி.டி.பி. மிக எளியது. ‘கெட்’ என்னும் ஒரே ஏவற்சொல்தான் அதில் உண்டு. பின்னர் வலை பெருகிய வேகத்தில், ஆளுக்கொரு புதுமையைச் சேர்க்க முற்பட்டனர். எதனை ஏற்பது, எதனை மறுப்பது என்று தீர்மானிப்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது. அவ்வளவுகோலாகவே ஃபீல்டிங் 1994ஆம் ஆண்டு முதற்கொண்டு தம் கருத்துக்களை வகுத்து வந்தார். ஆகவே ரெஸ்ட் என்பது, நிரல் எழுதுவோரின் வசதிக்காகப் பின்னாளிற் புனைந்த ஒரு வழக்கமன்று. வலை ஏன் உடையாமல் நிற்கின்றது என்னும் வினாவிற்கு விடையாகத் தோன்றியது.

அவர் மேற்கொண்ட முறை புதுமையானது. ஒரு விதியும் இல்லாத வெற்று அமைப்பினை முதலில் வைத்துக்கொண்டு, அதன்மேல் ஒவ்வொன்றாகக் கட்டுப்பாடுகளை ஏற்றுகின்றார். ஒவ்வொன்றையும் ஏற்றும்போது, இதனால் வரும் ஆக்கம் இது, கேடு இது என்று நிறுத்துக் காட்டுகின்றார். இக்கட்டுப்பாடுகளை யாம் ‘தளை’ என்னும் சொல்லால் வழங்க விரும்புகின்றோம். வெண்பாவில் வெண்டளையே வரல் வேண்டுமென்னும் விதி புலவனைக் கட்டுவதே. எனினும் அக்கட்டினாலன்றோ செப்பலோசை பிறக்கின்றது! ரெஸ்ட் நெறியின் தளைகளும் அத்தகையனவே. அவை ஆறு: கேட்போனும் வழங்கியும் வேறாதல், வழங்கி உரையாடலை நினைவிற் கொள்ளாமை, விடையைச் சேமித்து வைக்க இடந்தருதல், யாவர்க்கும் ஒரே இடைமுகம், அடுக்கடுக்காய் அமைதல், வேண்டுங்கால் நிரலையும் அனுப்புதல். இவற்றுள் இறுதியது விருப்பத்தின்பாற்பட்டது. ஏனைய ஐந்தும் இன்றியமையாதன.

ஈண்டுக் ‘கேட்போன்’ என்றது ஆங்கிலத்திற் கிளையண்ட் எனப்படுவதனை. அது பிரவுசராகவோ, கைப்பேசியிலுள்ள ஒரு செயலியாகவோ இருக்கலாம். ‘வழங்கி’ என்றது சர்வரை. இவ்விரண்டும் வேறாதல் வேண்டும் என்னும் முதற்றளையிற் பெரிதும் ஆராய்தற்கு ஒன்றுமில்லை. காட்சியைப் பற்றிய கவலை கேட்போனுக்கு, சேமிப்பைப் பற்றிய கவலை வழங்கிக்கு என்று பிரித்துவிட்டால், ஒன்றை மாற்றும்போது மற்றொன்றைத் தொடவேண்டுவதில்லை, அவ்வளவே.

ஆறனையும் ஊடுருவி நிற்கும் ஒரு கருத்தினை முன்னரே கூறிவிடுதல் படிப்போர்க்கு உதவியாகும். கேட்போனுக்கும் வழங்கிக்கும் இடையே பல கருவிகள் நிற்கின்றன. விடைகளைச் சேமித்து வைப்பன சில. சுமையைப் பல வழங்கிகளுக்குப் பகிர்ந்தளிப்பன சில. காவல் புரிவன சில. நம் கல்லூரி நூலகத்தைப் பற்றியோ தேர்வுக் கட்டணத்தைப் பற்றியோ இவற்றிற்கு ஒன்றும் தெரியாது. ஒன்றும் தெரியாத இவ்விடைநிலையார், செய்தியின் புறத்தோற்றத்தை மட்டும் நோக்கி நமக்கு உதவி செய்ய இயலுதல் வேண்டும். உதவி செய்யப் புகுந்து கேடு செய்யாதிருத்தலும் வேண்டும். ரெஸ்ட் நெறியின் உயிர் இதுவென்பது எம் கருத்து.

இனிப் பொருளும் வடிவும் என்னும் பகுதியை ஆராய்வாம். ரெஸ்ட் நெறியில் ‘ரிசோர்ஸ்’ என்று கூறப்படுவதனைப் ‘பொருள்’ என்றே கொள்வோம். பெயரிட்டுச் சுட்டத்தக்கது எதுவும் பொருளாகும். ஒரு நூல் பொருள்; ஒரு மாணவன் கடனாகப் பெற்ற நூல்களின் பட்டியல் பொருள்; ‘இன்று திருப்பவேண்டிய நூல்கள்’ என்பதும் பொருளே. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முகவரி உண்டு. ஈண்டு மாணாக்கர் பெரும்பாலும் தடுமாறுவது ஒன்றுண்டு. பொருள் என்பது கோப்பு அன்று. தரவுத்தளத்திலுள்ள ஒரு வரிசையும் அன்று. அஃது ஒரு கருத்து. கல்லூரி ஆண்டுமலரையே எடுத்துக்கொள்வோம். ‘2015ஆம் ஆண்டு மலர்’ என்பதற்கு ஒரு முகவரியும், ‘கடைசியாக வெளிவந்த மலர்’ என்பதற்கு மற்றொரு முகவரியும் உள்ளனவென்று கொள்க. 2015ஆம் ஆண்டு மலர் வெளிவந்த நாளில் இரண்டு முகவரிகளும் ஒரே பக்கங்களைத் தந்திருக்கும். ஆயினும் அவை இரண்டு பொருள்கள். என்னை? முன்னதன் உள்ளடக்கம் என்றும் மாறாது. பின்னது ஆண்டுதோறும் மாறும். இவ்வேறுபாட்டை உணராது ஒன்றற்கு மற்றொன்றன் முகவரியைக் கொடுத்துவிட்டால், பத்தாண்டு கழித்துத் தம் கட்டுரையைத் தேடிவரும் பழைய மாணவர் யாரோ ஒருவரது கட்டுரையைக் கண்டு திகைப்பார்.

கேட்போன் கையில் வருவது பொருளன்று, அதன் வடிவமே. ஒரு நூலைப் பற்றிய பதிவினைப் பிரவுசர் கேட்டால் எச்.டி.எம்.எல். வடிவிலும், செயலி கேட்டால் ஜேசான் வடிவிலும், அச்சிடுவோர் கேட்டால் பி.டி.எஃப். வடிவிலும் ஒரே முகவரியினின்று தரலாம். எவ்வடிவம் தனக்கு வேண்டும் என்பதனைக் கேட்போன் தன் வேண்டுகோளின் தலைப்பகுதியிற் குறித்து அனுப்புவான். ஆகவே ஜேசானுக்கும் ரெஸ்ட் நெறிக்கும் இன்றியமையாத தொடர்பு யாதுமில்லை.

முகவரியின் அழகைப் பற்றியும் ஒரு சொல். முகவரியைக் கண்டதும் பொருள் விளங்குமாறு எழுதுதல் நற்பழக்கமே. ஆயின் அது நெறியின் பாற்பட்டதன்று. எண்ணும் எழுத்தும் குழம்பிக் கிடக்கும் முகவரியும் பொருளை மாறாது சுட்டுமாயின் ரெஸ்ட் நெறிக்கு ஏற்றதே. தமிழில் முகவரி எழுதுவார் ஒரு செய்தியை நினைவிற் கொள்க. யூனிகோடின் யு.டி.எஃப்.-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாகும். ஒவ்வொரு பைட்டும் முகவரியிற் சதவீதக் குறியோடு கூடிய மூன்றெழுத்தாய் விரியும். எனவே ‘நூல்’ என்னும் சிறு சொல், நகரமும் ஊகாரக்குறியும் லகரமும் புள்ளியுமாக நான்கு குறியீடுகளாதலின், 36 எழுத்துக்களாய் நீள்கின்றது! பிரவுசர் நம் கண்ணுக்குத் தமிழாகவே காட்டினும், கம்பியிற் செல்வது அந்நீளந்தான். இதற்கஞ்சித் தமிழை விடவேண்டுவதில்லை, அறிந்திருந்தாற் போதும்.

நிற்க. இரண்டாவது தளையாகிய நினைவின்மையே இந்நெறியில் ஆழமானதும், பெரிதும் பிறழ உணரப்படுவதும் ஆகும். ஊரிலுள்ள மளிகைக் கடைக்குச் செல்கின்றோம். “அண்ணாச்சி, வழக்கம்போல் கொடுங்கள்” என்றாற் போதும், பொருள் வந்துவிடும். கடைக்காரர் நம்மை நினைவில் வைத்திருக்கின்றார். ஆனால் அவர் வெளியூர் சென்றிருக்கும் நாளில், கடையிலிருக்கும் பையனிடம் ‘வழக்கம்போல்’ என்றால் அவன் விழிப்பான். வங்கியில் நிகழ்வது வேறு. பணங்கட்டும் செலானில் கணக்கு எண், பெயர், தொகை, நாள் யாவும் எழுதிக் கையொப்பமிட்டு நீட்டுகின்றோம். எந்தச் சாளரத்தில் எந்த எழுத்தர் இருப்பினும் அச்சீட்டைக் கண்டமட்டில் தம் கடமையைச் செய்வார். பாதியில் ஒருவர் எழுந்து சென்று மற்றொருவர் வந்தமர்ந்தாலும் வேலை தடைப்படாது. ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் எழுதவேண்டியிருக்கின்றதே என்னும் சலிப்பு மட்டும் நமக்குண்டு.

ரெஸ்ட் நெறி இவ்விரண்டனுள் செலானின் வழியைத் தேர்ந்துகொள்கின்றது. ஒவ்வொரு வேண்டுகோளும், அதனை நிறைவேற்றுதற்கு வேண்டிய செய்தி முழுவதையும் தன்னகத்தே கொண்டு வருதல் வேண்டும். நூலகப் பட்டியலைப் பார்க்கும் மாணவன், ‘அடுத்த பக்கம்’ என்று மட்டும் கேட்பானாயின், அவன் எத்துறை நூல்களை, எத்தனையாவது பக்கம்வரை பார்த்தான் என்பதனை வழங்கி நினைவில் வைத்திருத்தல் வேண்டும். ‘வரலாற்றுத் துறை நூல்கள், மூன்றாம் பக்கம்’ என்று கேட்பானாயின் எந்த வழங்கியும் விடை தரலாம். முன்னைய வழங்கி பழுதுற்றாலும் பக்கத்திலுள்ளது ஏற்றுக்கொள்ளும். தேர்வு முடிவு வெளியாகும் நாளில் ஆயிரக்கணக்கானோர் ஒருங்கே வந்து மொய்க்கும்போது, மேலும் பத்து வழங்கிகளைக் கொண்டுவந்து நிறுத்தினாற் போதும். எவர் எதனிடம் முன்பு பேசினார் என்னும் ஆராய்ச்சி வேண்டுவதில்லை.

இதற்கு நாம் கொடுக்கும் விலை, ஒரே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்புதல். மற்றுமொரு விலையும் உண்டு. உரையாடல் கேட்போன் கையிலிருத்தலின், பல்வேறு செயலிகளும் ஒரே சீராய் நடந்துகொள்ளும் என்று வழங்கி உறுதி கொள்ள இயலாது. இவ்விரண்டனையும் ஃபீல்டிங் மறையாமல் எடுத்துரைத்துள்ளார்.

நினைவின்மை என்றால், வழங்கி எதனையுமே சேமித்து வைக்கலாகாது போலும், அங்ஙனமாயின் தரவுத்தளம் எதற்கு என்று வினவுவோர் உளர். நிலை இருவகைப்படும் என்பதே இதற்கு விடை. பொருளின் நிலை ஒன்று. உரையாடலின் நிலை மற்றொன்று. இந்நூல் இன்னாரிடம் கடனாகச் சென்றுள்ளது என்பது பொருளின் நிலை. அது வழங்கியிற்றான் இருத்தல் வேண்டும். இம்மாணவன் இப்போது மூன்றாம் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றான் என்பது உரையாடலின் நிலை. அது கேட்போனிடம் இருத்தல் வேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறிந்தவர்க்கு ரெஸ்ட் நெறியிற் பாதி விளங்கிற்று எனலாம்.

நெட்ஸ்கேப் நிறுவனத்தார் 1994ஆம் ஆண்டிற் கொணர்ந்த ‘குக்கி’ என்னும் சிறு குறிப்புக்கள் இத்தளையோடு முரண்படுகின்றன என்று ஃபீல்டிங் தம் ஆராய்ச்சியுரையிற் குறைகூறியுள்ளார். பிரவுசரிற் பின்செல்லும் பொத்தானை அழுத்துகின்றோம். கண்முன் பழைய பக்கம் தோன்றுகின்றது. குக்கியோ புதிய நிலையையே சுமந்து செல்கின்றது. பக்கம் ஒன்று சொல்ல, குறிப்பு மற்றொன்று சொல்லும். உலகம் அவர் சொல்லைக் கேட்டதாகத் தெரியவில்லை. குக்கியில்லாத தளத்தைக் காண்பது அரிதாயிற்று.

விடையைச் சேமித்தலாகிய மூன்றாவது தளை, நினைவின்மையால் விளையும் சலிப்பிற்கு ஓரளவு மருந்தாகும். ஒவ்வொரு விடையும், தன்னைச் சேமித்து வைக்கலாமா, எத்துணை நேரம் வைக்கலாம் என்பதனைத் தானே கூறவேண்டும். நேரம் கடந்தபின், கேட்போன் தன்னிடமுள்ள படியின் அடையாளத்தைக் குறித்து, ‘இது மாறிவிட்டதா?’ என்று வினவுவான். மாறவில்லையாயின் 304 என்னும் எண்ணோடு, உள்ளடக்கமின்றி ஒரு சிறு விடை வரும். பயணமே செய்யாத செய்தியைவிட விரைந்து வருவது வேறில்லை. ஆனால் பழைய படியைப் புதியதென்று மயங்கும் இடரும் இதனோடு பிறக்கின்றது. வகுப்பு நேர அட்டவணையை ஒருநாள் முழுதும் சேமிக்கலாம் என்று விதித்துவிட்டுக் காலையில் அதனை மாற்றினால், மாணவர்மேற் குற்றமில்லை.

நான்காவதாகிய பொது இடைமுகமே ரெஸ்ட் நெறியை ஏனைய நெறிகளினின்று பிரித்துக் காட்டுவது. எல்லாப் பொருள்களிடத்தும் ஒரே சில ஏவற்சொற்களாற் பேசுதல் வேண்டும் என்பது அது. கெட் என்பது காட்டு என்றும், புட் என்பது இவ்வடிவத்தை இம்முகவரியில் வை என்றும், டெலீட் என்பது நீக்கு என்றும், போஸ்ட் என்பது இதனைப் பெற்றுக்கொண்டு உன் முறைப்படி செய் என்றும் பொருள்படும். பகுதியை மட்டும் திருத்துதற்குரிய பேட்ச் என்னும் சொல் 2010ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்டது.

இச்சொற்களுக்கு இரண்டு பண்புகள் உண்டு. ஒன்று ஊறின்மை. கெட் என்று கேட்பதனால் எப்பொருளும் மாறலாகாது. நூலின் அட்டையைப் பார்ப்பதனால் நூல் குறைவதில்லை. மற்றொன்று, பலகால் செய்யினும் ஒருகாற் செய்த பயனே தருதல். புட், டெலீட் என்பன இப்பண்புடையன. விளக்கை அணை என்று மூன்று முறை கூறினாலும் விளக்கு அணைந்தே இருக்கும். போஸ்ட் என்பதற்கு இவ்விரண்டு பண்பும் இல்லை.

இவை ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணுவார்க்கு 2005ஆம் ஆண்டு மே மாதத்தில் நிகழ்ந்ததொன்றைக் கூறுவோம். கூகுள் நிறுவனத்தார் ‘வெப் ஆக்ஸிலரேட்டர்’ என்னும் கருவியொன்றை வெளியிட்டனர். நாம் ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, அதிலுள்ள இணைப்புகள் சிலவற்றை அது முன்கூட்டியே சென்று கொணர்ந்து வைக்கும். நாம் அழுத்தும்போது பக்கம் நொடியில் தோன்றும். நல்ல கருத்துத்தான். ஆனால் அக்காலத்துத் தளங்கள் பலவற்றில் ‘நீக்கு’ என்பதும் ஒரு வெறும் இணைப்பாகவே, அஃதாவது கெட் வேண்டுகோளாகவே, அமைந்திருந்தது. கருவிக்கு அது தெரியுமா? இணைப்பைக் கண்டது, முன்சென்று கேட்டது, வழங்கியோ கேட்டவுடன் நீக்கிவிட்டது. ‘பேக்பேக்’ என்னும் குறிப்பேட்டுச் சேவையைப் பயன்படுத்தியோர் தாம் எழுதிவைத்தவை தாமாகவே மறையக் கண்டு திடுக்கிட்டனர். பழி யாரைச் சாரும் என்று அப்போது பெரிய வாதம் எழுந்தது. கெட் என்பது எடுத்துத் தருதலன்றி வேறு செயல் புரியலாகாது என்று 1999ஆம் ஆண்டின் எச்.டி.டி.பி. விதியேடு கூறியிருந்தமையின், தளம் அமைத்தோர்மேற் குற்றம் உண்டென்பதே எம் துணிபு. கருவியார்க்கும் சிறிது பொறுமை இருந்திருக்கலாம். இடைநிலையார் உதவி செய்யப் புகுந்து கேடு செய்தல் என்று முன்னர்க் கூறியது இதனையே.

இரண்டாவது பண்பின் அருமை, பணம் செலுத்தும்போது விளங்கும். தேர்வுக் கட்டணத்தைக் கைப்பேசி வழியாகக் கட்டுகின்றான் ஒரு மாணவன். பொத்தானை அழுத்தினான், சக்கரம் சுழன்றது, விடை வரவில்லை. என்ன நிகழ்ந்தது? வேண்டுகோள் போகும் வழியில் மறைந்திருக்கலாம், பணம் கட்டப்படவில்லை. அல்லது வேண்டுகோள் சென்று, பணமும் எடுக்கப்பட்டு, விடை மட்டும் வரும் வழியில் மறைந்திருக்கலாம். கேட்போன் நிற்குமிடத்திலிருந்து நோக்கினால் இவ்விரண்டிற்கும் வேற்றுமை சிறிதுமில்லை. மீண்டும் அழுத்தலாமா? கடைசி நாளாயிருந்தால் அழுத்தாமலும் இருக்க இயலாது. இதனைப் போஸ்ட் என்னும் சொல்லால் வெறுமனே அமைத்திருந்தால், இரண்டாம் முறையும் பணம் போகும். அந்த மாணவன் வீட்டில் அத்தொகை ஒரு மாதத்து அரிசியாயிருக்கலாம். கட்டணத்திற்கு முன்கூட்டியே ஒரு தனி எண்ணைக் கொடுத்து, அவ்வெண்ணுக்குரிய முகவரியில் ‘இக்கட்டணத்தை வை’ என்று புட் சொல்லால் அமைத்திருந்தால், பத்து முறை அழுத்தினாலும் கட்டணம் ஒன்றே. போஸ்ட் சொல்லையே ஆள வேண்டுமாயினும், கேட்போன் தானே ஒரு தனியடையாளத்தை உடன் அனுப்பி, அதே அடையாளம் மீண்டும் வந்தால் வழங்கி பழைய விடையையே தருமாறு செய்யலாம். பணம் கொண்டு செலுத்தும் சேவைகள் பலவற்றில் இம்முறை வழங்குகின்றது.

விடைக்குரிய எண்களும் பொது இடைமுகத்தின் பகுதியே. 200 என்றால் நன்று. 201 என்றால் புதிதொன்று உண்டாயிற்று. 404 என்றால் இல்லை. 410 என்றால் இருந்தது, இனி இல்லை. சிலர் எல்லா விடைகளையும் 200 என்னும் எண்ணோடு அனுப்பி, உள்ளே ‘பிழை நேர்ந்தது’ என்று எழுதிவைக்கின்றனர். உறைமேல் ‘நலம்’ என்று எழுதி உள்ளே இழவோலையை வைப்பதற்கு இது நிகராகும். உறையை மட்டுமே காணும் இடைநிலையார், அப்பிழையை நல்விடையென்று கருதிச் சேமித்துவைத்துப் பிறர்க்கும் வழங்குவர். ஒரு செய்தி தன்னைத்தானே விளக்கவேண்டும் என்பது இதனாற்றான்.

பொது இடைமுகத்திற்கும் விலையுண்டு. யாவர்க்கும் பொருந்தும் சட்டை ஒருவர்க்கும் கச்சிதமாயிராது. அன்றியும், ஒருமுறை பொதுவாகிவிட்டது எளிதில் மாறாது. எங்கிருந்து வந்தோம் என்பதனைக் குறிக்கும் ‘ரெஃபரர்’ என்னும் தலைப்புச்சொல், 1996ஆம் ஆண்டின் விதியேட்டிலேயே ஓர் ஆங்கில எழுத்துக் குறைந்து பிழையாக எழுதப்பட்டது. வழங்கிகளும் பிரவுசர்களும் அப்பிழையையே கற்றுக்கொண்டமையால், 2022ஆம் ஆண்டில் வந்த திருந்திய விதியேட்டிலும் அது அப்படியே நிற்கின்றது. எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் இழக்கும் மாணவர்கள் இதனைக் கேட்டுச் சிறிது ஆறுதலடையலாம்.

பொது இடைமுகத்தின் நான்காம் கூறாகிய மீயுரை வழி நடத்தல் என்பதனைப் பலர் மறந்தே விட்டனர். கேட்போன், தொடக்க முகவரி ஒன்றை மட்டும் அறிந்திருத்தல் வேண்டும். மேற்கொண்டு செய்யத்தக்கன யாவை என்பதனை ஒவ்வொரு விடையிலும் உள்ள இணைப்புகளே காட்டுதல் வேண்டும். கடன்பெற்ற நூலொன்றின் பதிவினைக் கேட்டால், நூலின் பெயரும் திருப்பவேண்டிய நாளும் வருவதோடு, ‘திருப்புக’, ‘தவணை நீட்டுக’ என்னும் இணைப்புகளும் வருகின்றனவென்று வைத்துக்கொள்வோம். வேறொரு மாணவர் அந்நூலுக்கு முன்பதிவு செய்துவிட்டால், தவணை நீட்டும் இணைப்பு விடையில் இராது. கேட்போன் நூலக விதிகளை அறியவேண்டுவதே இல்லை. இணைப்பு இருந்தாற் பொத்தானைக் காட்டுவான், இல்லாவிடிற் காட்டான். நாளை நூலகர் விதியை மாற்றினாலும், ஆயிரம் கைப்பேசிகளில் உள்ள செயலியை மாற்ற வேண்டுவதில்லை.

ரெஸ்ட் என்னும் பெயரைச் சூட்டிக்கொண்டு, இணைப்புகளே இல்லாது இயங்கும் சேவைகளைக் கண்டு மனம் வெதும்பிய ஃபீல்டிங், 2008ஆம் ஆண்டு அக்டோபரில், மீயுரையால் நடத்தப்படாதது ரெஸ்ட் ஆகாது என்று வெளிப்படையாகவே எழுதினார். அவர் கூற்று நெறியளவில் மறுக்கத்தக்கதன்று. ஆயினும் எம் கருத்தையும் ஈண்டுக் கூறுதல் தகும். பக்கத்தைப் படிப்பவன் மனிதனாயின், புதிய இணைப்பைக் கண்டு பொருளுணர்ந்து அழுத்துவான். படிப்பது நிரலாயின், இன்ன பெயருள்ள இணைப்பு வந்தால் இன்னது செய் என்று முன்னரே எழுதிவைத்தாலன்றி அதற்கு ஒன்றும் தோன்றாது. ஆகவே இதனால் வரும் ஆக்கம் மனிதர் படிக்கும் வலையிற் பெரிது. நிரலும் நிரலும் பேசுமிடத்துச் சிறிது. ஒரே குழுவினர் இரண்டு பக்கத்தையும் எழுதும்போது இதனை விட்டுவிடுதல் பெருங்குற்றமாகாது. விட்டுவிட்டோம் என்பதனை அறிந்து விடுதல் வேண்டும்.

ஏனைய இரண்டு தளைகளையும் விரைவிற் கூறி முடிப்போம். அடுக்கடுக்காய் அமைதல் என்பது, ஒவ்வோர் அடுக்கும் தன்னை அடுத்ததை மட்டுமே அறிதல். நடுவே ஒரு சேமிப்புக் கருவியைச் செருகினாலும் கேட்போனுக்குத் தெரியாது. அடுக்கு மிகுந்தால் காலதாமதமும் மிகும். நிரலை அனுப்புதல் என்பது, 1995ஆம் ஆண்டில் தோன்றிய ஜாவாஸ்கிரிப்ட் போன்றவற்றை விடையோடு அனுப்பிக் கேட்போனிடத்தே இயங்கச் செய்தல். இதனால் இடைநிலையார்க்குச் செய்தியின் உட்பொருள் தோன்றாமற் போதலின், விருப்பத்தின்பாற்பட்டதாக வைத்தனர்.

ரெஸ்ட் நெறி எல்லா வேலைக்கும் ஏற்றதென்று யாம் கூறவில்லை, ஃபீல்டிங்கும் கூறவில்லை. பெரிய அளவான மீயுரைச் செய்திகளைக் கொண்டு செல்லுதற்கே அது வகுக்கப்பட்டது. ஒரு நிறுவனத்தின் உள்ளேயே சிறுசிறு செய்திகளை மிக விரைவாகப் பரிமாறிக்கொள்ள, கூகுள் நிறுவனத்தார் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ஜி.ஆர்.பி.சி. போன்றவை ஏற்றனவாகலாம். ஒரு திரைக்கு வேண்டிய பலவற்றை ஒரே வேண்டுகோளிற் பெற விரும்புவார்க்கு, அதே ஆண்டில் ஃபேஸ்புக் நிறுவனத்தார் வெளியிட்ட கிராஃப்க்யூஎல் உதவும். ஆனால் அதன் வேண்டுகோள்கள் பெரும்பாலும் ஒரே முகவரிக்குப் போஸ்ட் சொல்லாற் செல்லுதலின், நடுவிலுள்ள பொதுச் சேமிப்புக் கருவிகளின் உதவி அங்கே பெரிதும் குறைந்துவிடும்.

இவற்றைக் கண்ணாற் காண விரும்பும் மாணாக்கர், யாதேனும் ஒரு தளத்தைப் பிரவுசரில் திறந்து, நிரலாளர்க்குரிய பகுதியில் ‘நெட்வொர்க்’ என்னும் பலகையை விரித்துவைத்துக்கொண்டு, பக்கத்தை மீண்டும் ஒருமுறை வரவழைத்துப் பார்க்கட்டும். ஒவ்வொரு வரியிலும் ஏவற்சொல், முகவரி, விடையெண், எடுத்துக்கொண்ட காலம் ஆகியவை தோன்றும். 304 என்று காணும் வரிகளின் அளவையும் 200 என்று காணும் வரிகளின் அளவையும் ஒப்பிடுக. பின்னர்த் தாம் எழுதிய செயலியையும் அவ்வாறே திறந்து, நீக்கும் பொத்தானை அழுத்துகையில் அங்கே எச்சொல் தோன்றுகின்றது என்று நோக்குக.